மதிலின் மெலிந்த இடம்

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அந்நியர் எழுப்பிய மதிலின் உறுதியைக் கண்டு வியக்கிறோம். வரலாறோ வேறு கதை சொல்கிறது. 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இதனைப் பறித்தனர். அதே ஆண்டு ஓகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பறித்தனர். எந்த மதிலின் வலிமையும் அதன் உயரத்தில் இல்லை. அதன் மிக மெலிந்த இடத்திலேயே இருக்கிறது. அவ்விடத்தை முதலில் அறிபவர் யார், அறிந்து என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

இரண்டாம் உலகப் போரில் எண்களாலும் மதில் எழுப்பினர். யப்பானியக் கடற்படை தன் செய்திகளை ஐந்திலக்கக் குறியெண்களாக மாற்றி, அவற்றோடு வேறு எண்களைக் கூட்டி அனுப்பியது. வழியில் நேரும் பிழையைக் கண்டுகொள்ளும் பொருட்டு, ஒவ்வொரு குறியெண்ணும் மூன்றால் வகுபடுமாறு அமைக்கப்பட்டிருந்தது. காவலுக்கென வைத்த அந்த ஒழுங்கே விரிசலாயிற்று. சிங்கப்பூரிலிருந்து 1942 தொடக்கத்தில் கொழும்புக்கு வந்த பிரித்தானிய ஆய்வாளர்கள், ஏப்ரல் முதல் நாளளவில் விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தாக்கும் என முன்னறிவித்தனர். நாள் பிசகியது, செய்தி பிசகவில்லை. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும் 9ஆம் நாள் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. முந்திய இரவே நம் துறைமுகத்தைவிட்டு அகன்ற ஹெர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட, 300க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

தம் எண்மதிலில் விரிசல் கண்டதை யப்பானியர் அறியவில்லை. பகைவன் கண்ட விரிசலை எவரும் அடைப்பதில்லை. ஆகவேதான், அடைப்பதற்காகவே விரிசல் தேடும் தொழிலொன்று நம் காலத்தில் தோன்றியிருக்கிறது.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆள்வது இயங்குதளம் எனும் மென்பொருள். அது கோடிக்கணக்கான வரிகளில் மனிதர் எழுதியது, ஆகவே பிழையுடையது. பத்தெழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் நூறெழுத்தைத் திணித்தால் மிகுதி அடுத்த அறைக்குள் வழியும். அவ்வழியே அந்நியனின் கட்டளையும் நுழையும். ஆய்வாளர் அவ்வரிகளைப் படிக்கிறார். தாறுமாறான உள்ளீடுகளை இலட்சக்கணக்கில் செலுத்தி, எங்கே இடறுகிறது எனப் பார்க்கிறார். கண்டதைச் செய்தவருக்கு அறிவித்து, திருத்தத் தவணை கொடுத்து, பின்னர் உலகறியச் சொல்கிறார்.

சொல்லாது மறைத்தால் என்ன நேரும்? விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு விரிசலைக் கண்ட அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, அதனை ஆயுதமாக்கித் தன்னிடமே வைத்திருந்தது. ஆயுதம் களவு போயிற்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது. ஏப்ரலில் களவுப்பொருள் பகிரங்கமாயிற்று. மே 12ஆம் நாள் அதனைக் கொண்டு செய்த 'வானாக்கிரை' என்னும் நச்சுநிரல் 150 நாடுகளளவில் பரவியது. திருத்தம் ஏற்றப்படாத கணினிகள் முடங்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளரைத் திருப்பியனுப்பினர். ஒளித்து வைத்தவர் வல்லரசு. விலை கொடுத்தவர் நோயாளி.

கோட்டை விழுந்தால் கொடி மாறும். ஊரார் சுமை மாறாது. இன்று நம் மருத்துவக் குறிப்பும் வங்கிக் கணக்கும் அம்மதிலுக்குள்ளேயே இருக்கின்றன. எனவே விரிசல் பற்றிய அறிவு அரசர்களின் இரகசியமாகவோ வணிகரின் சரக்காகவோ இருத்தல் தகாது. அடைக்கும் கைகளுக்கு உரிய பொதுவுடைமையாதல் வேண்டும். கோட்டை பார்க்க வரும் நம் மாணவர்க்கு மதிலின் உயரத்தைச் சொல்வதோடு நில்லாது, அதன் மெலிந்த இடத்தைத் தேடவும் கற்பிப்போம்; கண்டதை உரக்கச் சொல்லவும் கற்பிப்போம்.