கைமாறிய கருவிகள்: ஜொகூர்த் தமிழ்ச் சிறுவரும் மின்னணு விளையாட்டும்

தமிழர் விளையாட்டை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கியவர் அல்லர். உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களும் விளையாட்டை உணர்த்தும் என்றும் கூறினார். இவற்றுள் பண்ணை என்னும் சொல்லுக்குக் கூட்டம், தொகுதி என்னும் பொருள்களும் உண்டு. கூட்டமும் விளையாட்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது சிந்திக்கத்தக்கது. பலர் கூடி, வென்றதைச் சொல்லி மகிழ்ந்து, தோற்றதைச் சொல்லிச் சிரிக்கும்போதே விளையாட்டு நிறைவு பெறுகின்றது. இவ்வுண்மையைப் பழைய விளையாட்டுகளில் மட்டுமன்றி, மின்கலத்தால் இயங்கிய புதிய கருவிகளின் வரலாற்றிலும் காணலாம். அவ்வரலாற்றின் ஒரு பகுதி ஜொகூர் மாநிலத்தில் நிகழ்ந்தது.

பழைய ஆடுகளம்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஜொகூர்த் தமிழருள் பெரும்பாலோர் வாழ்வு இரப்பர், செம்பனைத் தோட்டங்களைச் சார்ந்தே அமைந்தது. குளுவாங், சிகாமட், கூலாய், ரெங்கம், உலு திராம் முதலிய வட்டாரங்களில் லயன் வீடுகளின் முன்னிருந்த வெளியே சிறுவரின் ஆடுகளம். கோலி, கிட்டிப்புள், பம்பரம், பட்டம் ஆகியவை பருவந்தோறும் மாறிமாறி வந்தன. புதர்களில் சிலந்தி பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, ஒன்றோடொன்று சண்டையிட விடுவதும் மலேசியச் சிறுவரின் பழக்கம். வீட்டுத் திண்ணையில் பல்லாங்குழி நடந்தது. அண்டை வீட்டு மலாய்ச் சிறுமியர் அதனையொத்த ஆட்டத்தைச் சொங்காக் என்றனர். கோலியை மலாய்ச் சிறுவர் குலி என்றனர்.

இவ்விளையாட்டுகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. கருவி எளியது, விதி நினைவில் வாழ்ந்தது. கிட்டிப்புள்ளை மரக்கிளையில் செதுக்கிக்கொள்ளலாம். அதன் விதிகளை எவரும் நூலில் படித்ததில்லை. மூத்தோர் சொல்ல இளையோர் கேட்டறிந்தனர். ஆடத் தெரிந்தவனே ஆட்டத்திற்கு உரியவன்.

மின்னணுக் கருவியோ கடையில் விலை கொடுத்து வாங்கும் பொருள். பால்மரம் வெட்டும் தொழிலாளியின் வருவாய்க்கு அஃது எளிதில் எட்டாதது. அது வந்த நாளில் உடையவன், இல்லாதவன் என்னும் வேறுபாடு ஆடுகளத்திற்குள் நுழைந்தது. பழைய கூட்டம் அந்நாளிலேயே சிதறியிருக்க வேண்டும். ஆயினும் சிதறவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவிகள் பிறந்த கதை

ரால்ஃப் பேர் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய மேக்னவாக்ஸ் ஒடிசி, 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து வீட்டில் ஆடுவதற்கென விற்கப்பெற்ற முதற்கருவி அதுவே. அதில் ஒலி இல்லை. திரையில் ஒளிப்புள்ளிகள் மட்டுமே நகர்ந்தன. ஆடுகளத்தின் படத்தை ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டுத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் பாங் பொது இடங்களில் காசு போட்டு ஆடும் பொறியாக வெளிவந்தது. 1978ஆம் ஆண்டு ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாதோ படைத்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆசிய நகரங்களிலும் பரவியது.

கைக்குள் அடங்கும் கருவியின் வரலாறு இதனினும் சுவையானது. ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு சீட்டுக்கட்டுத் தயாரிக்கத் தொடங்கப்பெற்றது நிண்டெண்டோ நிறுவனம். அங்குப் பணிபுரிந்த குன்பெய் யோகோய், விரைவு இரயிலில் ஒருவர் சலிப்பின் மிகுதியால் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு ஓர் எண்ணம் கொண்டார் என்பர். அதன் விளைவே 1980ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த கேம் அண்ட் வாட்ச். கணிப்பானுக்குரிய திரையும் பொத்தான் அளவே உள்ள மின்கலமும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. ஆடாத வேளையில் அது மணி காட்டியது. அவ்வரிசைக் கருவிகள் உலகெங்கும் 43 மில்லியனுக்கு மேல் விற்றன.

கேம் அண்ட் வாட்ச் கருவி ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டமே அமைந்திருந்தது. வேறோர் ஆட்டம் வேண்டுமாயின் வேறொரு கருவி வேண்டும். அதை வாங்க இயலாத சிறுவன் என் செய்வான்? வேறு கருவி வைத்திருக்கும் நண்பனை நாடுவான். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல் அங்கு இயல்பாகவே தோன்றியது. கருவியின் குறையே நட்பின் தேவையாயிற்று.

பாலத்திற்கு இப்பால்

ஜொகூருக்கு இவ்வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. 1924ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கடற்பாலம் ஜொகூர் பாருவைச் சிங்கப்பூரோடு இணைத்தது. உலகச் சந்தையின் புதுப்பொருள்கள் விரைந்து வந்து சேரும் துறைமுகம் சிங்கப்பூர். நாள்தோறும் பாலங்கடந்து வேலைக்குச் சென்று திரும்புவோர் ஜொகூரில் பலர். அவர்களுடைய பையில் அரிசியும் துணியும் வந்ததுபோல், தீபாவளிக்கோ தேர்வில் நல்ல மதிப்பெண்ணுக்கோ பரிசாக ஒரு சிறு விளையாட்டுக் கருவியும் வருவதுண்டு.

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் போன்ற நகர்ப்புறங்களில் தொலைக்காட்சியும் இடைவிடா மின்சாரமும் இருந்தமையால் பெரிய கருவிகளை ஆட முடிந்தது. தோட்டத்தின் நிலை வேறு. பல தோட்டங்களில் நெடுங்காலம் நிருவாகத்தின் மின்பொறி மாலையில் சில மணி நேரமே ஓடியது. தோட்டத் தொழிலாளரின் வீடு, நீர், மின்சாரம் முதலியவற்றுக்கான குறைந்த அளவுத் தரங்களை வகுத்த சட்டம் 1990ஆம் ஆண்டிலேதான் விரிவான வடிவம் பெற்றது. விளக்கு அணைந்தபின் தொலைக்காட்சிக் கருவியால் பயனில்லை; மின்கலத்தால் இயங்கிய கைக்கருவிக்கோ அத்தடையில்லை. தோட்டத்திற்குள் மின்னணு விளையாட்டு நுழையக் கைக்கருவி ஏற்றதாயிருந்தமைக்கு இஃது ஒரு காரணம்.

1983ஆம் ஆண்டு ஜூலையில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பானில் வெளிவந்தது. ஒரே கருவியில் கேசட்டை மாற்றிப் பல ஆட்டங்களை ஆடலாம். ஆடுவதற்கு இரண்டு கைப்பிடிகள் அதனோடு பிணைக்கப்பெற்றிருந்தன. அதனை ஒத்துத் தைவானில் தயாரான மைக்ரோ ஜீனியஸ் என்னும் கருவி மலேசியச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஒரே கேசட்டில் பற்பல ஆட்டங்களைச் சேர்த்து விற்றனர். அவற்றுள் பெயர் மட்டும் மாறி மீண்டும் மீண்டும் வந்த ஆட்டங்களும் இருந்தன. எனினும் இரண்டாம் கைப்பிடி ஒரு நண்பனுக்கென்றே அமைந்ததால், ஒரு வீட்டின் கருவி ஒரு வரிசை வீட்டாரின் கருவியாயிற்று.

வாய்மொழிக் கல்வி

இக்கருவிகளின் விளக்கநூல்கள் ஜப்பானிய மொழியிலோ ஆங்கிலத்திலோ அமைந்தவை. மலிவான கருவிகளோடு விளக்கநூலே வராததும் உண்டு. தமிழ்ப்பள்ளிச் சிறுவனுக்கு அக்கருவியில் ஒரு தமிழ் எழுத்தேனும் தென்படவில்லை. அவன் எவ்வாறு கற்றான்? கிட்டிப்புள்ளைக் கற்ற முறையிலேயே கற்றான்.

புதிதாகக் கருவி பெற்றவன் மறுநாள் பள்ளிக்கு வந்தால், ஓய்வு நேரத்தில் அவனைச் சுற்றிக் கூட்டம் கூடும். "எத்தனை ஸ்டேஜ்டா இருக்கு?" "மூணு லைஃப்தான் குடுக்குமா?" என்று வினாக்கள் எழும். அவன் கண்டதைச் சொல்வான். சற்றுக் கூட்டியும் சொல்வான். எந்தச் சுவருக்குப்பின் நாணயம் மறைந்திருக்கிறது, எந்தப் பகைவனை எத்தனை அடியில் வீழ்த்தலாம், எந்த இடத்தில் தாவாமல் காத்திருக்க வேண்டும் என்பனவெல்லாம் வாய்மொழியாகப் பரவும். ஸ்டேஜ், லைஃப் என்னும் சொற்கள் ஆங்கிலமாயினும், அவற்றைக் கோத்த வினையும் வியப்பும் கேலியும் தமிழே. கருவி தராத தமிழை நண்பர் கூட்டம் தந்தது.

கருவியே இல்லாத சிறுவனும் அக்கூட்டத்தில் இருந்தான். தன் முறைக்காகக் காத்திருந்து, சில நாள் முறை கிட்டாமலே வீடு திரும்பினான். ஆயினும் பிறர் ஆடுவதைக் கூர்ந்து நோக்கி, ஆடியவனைவிடத் தெளிவாக வழி சொல்லக் கற்றான். "இப்பக் குதி, இப்பக் குதிக்காதே" என்று பின்னிருந்து சொல்பவனின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. உடைமையால் வந்த வேறுபாட்டை அறிவும் பேச்சும் ஓரளவேனும் சமன் செய்தன. கூட்டம் சிதறாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

இவ்வாய்மொழி உலகம் எத்துணை வலியது என்பதற்கு ஒரு சான்று போதும். 1986ஆம் ஆண்டு கிராடியஸ் என்னும் ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றியமைத்தவர் கசுஹிசா ஹஷிமோதோ. ஆட்டம் கடினமாக இருந்ததால், தாம் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு மறைகுறியை அதனுள் வைத்தார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் என அழுத்தி இறுதியில் இரு பொத்தான்களை அழுத்துவது அது. அக்குறி பின்னர் கொந்த்ரா முதலிய ஆட்டங்களிலும் இடம்பெற்று, வாய்பாடுபோல் உலகச் சிறுவரின் மனத்தில் பதிந்தது.

பேச்சில் பிழையும் பரவியது. கேசட் இயங்காவிடின் அதன் அடிப்பகுதியில் ஊத வேண்டும் என்று கண்டங்கடந்து எல்லாச் சிறுவரும் நம்பினர். ஊதினால் ஈரத்தால் உலோகம் கெடும் என்று தயாரிப்பாளரே எச்சரித்தனர். உண்மையில் கேசட்டை எடுத்து மீண்டும் செருகியதாலேயே அது பெரும்பாலும் இயங்கியது. ஆய்ந்தறியாமல் கேட்டதை நம்புதலின் தீமைக்கு இதனை வகுப்பறையில் எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

இணைப்புக் கம்பி

1989ஆம் ஆண்டு ஏப்ரலில் யோகோயின் குழுவினர் கேம் பாய் கருவியை வெளியிட்டனர். விலையுயர்ந்த புதுநுட்பத்தைத் தேடாமல், நன்கு பழகி விலை குறைந்த நுட்பத்தைப் புதுவழியில் பயன்படுத்துக என்பது யோகோயின் கொள்கை. அதனால் கேம் பாயின் திரையில் வண்ணமில்லை. ஆனால் நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்திற்கும் மேலாக இயங்கியது. வண்ணத்திரையோடு போட்டிக்கு வந்த கருவிகள் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தீர்த்தன. கேம் பாய், அதன் வண்ணப் பதிப்போடு சேர்த்து, 118 மில்லியனுக்கு மேல் விற்றது. அதனை வாங்க இயலாதோர்க்குக் கட்டைகளை அடுக்கி வரிசை நிரப்பும் மலிவான பிரிக் கேம் 1990களில் சந்தைக் கடைகளிலேயே கிடைத்தது.

இரு கேம் பாய் கருவிகளை ஒரு கம்பியால் இணைக்கலாம். அக்கம்பியின் பொருளை முழுதும் உணர்ந்தவர் சதோஷி தஜிரி. இளமையில் பூச்சி பிடித்துச் சேர்த்த இன்பத்தை நினைவில் வைத்து அவர் படைத்த போக்கிமான் 1996ஆம் ஆண்டு இரண்டு பதிப்புகளாக வெளிவந்தது. எப்பதிப்பிலும் எல்லா உயிர்களும் இல்லை. வேறு பதிப்பு வைத்திருக்கும் நண்பனிடம் மாற்றிக்கொண்டாலன்றித் தொகுப்பு முழுமையடையாது. தீப்பெட்டிச் சிலந்தியைக் கைமாற்றிய சிறுவர்க்கு இதில் புதுமை ஏது? பழைய ஆடுகளமே புதுக்கருவிக்குள் புகுந்திருந்தது.

அச்சமும் நெறியும்

பெற்றோரின் அச்சத்தை இவ்வரலாறு மறைத்தல் கூடாது. 1981ஆம் ஆண்டு நவம்பரில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் தம் நாட்டில் இவ்விளையாட்டுப் பொறிகளையே தடை செய்தார். படிப்புக் கெடும், காசு கரையும் என்னும் கவலை மலேசியத் தமிழ் இல்லங்களிலும் இருந்தது. அது வீண் கவலையன்று. விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்ற நோய்ப்பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. மற்றொரு பக்கம், 2019ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்னணு விளையாட்டுக்குப் பதக்கங்களும் வழங்கப்பெற்றன. ஒருகால் தடை விதித்த நாடே பின்னர் மேடை அமைத்தது. ஆதலின் கருவியைப் பழிப்பதும் புகழ்வதும் போதாது. அதனைச் சுற்றி எத்தகைய கூட்டம் அமைகின்றது என்று நோக்குவதே அறிவுடைமை.

அக்கூட்டம் இன்று மெலிந்துவிட்டது. கைப்பேசியிலேயே ஆயிரம் ஆட்டங்கள் உள்ளன. எந்தக் கட்டத்தை எவ்வாறு கடப்பது என்பதை யூடியூப் நொடியில் காட்டுகின்றது. நண்பனைக் கேட்க வேண்டிய தேவையில்லை. அவனுக்காகக் காத்திருக்கவும் வேண்டா. தொலைவிலுள்ளோரோடு சேர்ந்து ஆடும் வாய்ப்பு பெருகியுள்ளது உண்மையே. ஆனால் அங்கு நடக்கும் உரையாடல் பெரும்பாலும் தமிழாய் இருப்பதில்லை. ஒருகால் கருவி தராத தமிழைக் கூட்டம் தந்தது. கூட்டமும் தராவிடின் அத்தமிழ் எங்கிருந்து வரும்?

தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு பணி காத்திருக்கின்றது. 1980களில் பத்து வயதினராய் இருந்தோர் இன்று ஐம்பதை நெருங்கியோ கடந்தோ உள்ளனர். அவர்தம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. கருவிகள் குப்பையில் சேர்ந்துவிட்டன. நினைவும் சொல்லும் மட்டும் எஞ்சியுள்ளன. தம் பெற்றோர் முதன்முதல் கண்ட கருவி எது, அதனை யார் கொணர்ந்தார், யாரோடு பகிர்ந்து ஆடினர், என்ன பேசினர் என்று மாணவர் கேட்டெழுதினால், அது கட்டுரைப் பயிற்சியாவதோடு சமுதாய வரலாறுமாகும். ஸ்டேஜ் என்பதை நிலை என்றும் லைஃப் என்பதை உயிர் என்றும் மாணவரே பெயரிட்டுப் பேசினால், மொழியும் புதுக்களத்தில் கால் ஊன்றும். அரசர் வரலாறும் ஆட்சி வரலாறும் எழுதப்பெற்றுள்ளன; லயன் வீட்டு வாசலில் ஒரு சிறு திரையைச் சூழ்ந்து நின்ற பிள்ளைகளின் வரலாற்றையும் அவர்தம் மக்களே எழுதுதல் வேண்டும்.