அமைதிப்படுத்தலும் சந்து செய்தலும்: கோபிநத்தத்தை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

கோபிநத்தம் குறித்து எழுதுவோர் பலரும் '2004-க்குப் பின் அப்பகுதியில் அமைதி திரும்பியது' என்னும் தொடரோடு முடிப்பது வழக்கம். அந்த 'அமைதி' எவ்வகையானது என்ற வினா எழும்போது, 'பேசிஃபை' என்னும் ஆங்கில வினைச்சொல்லின் வரலாறு நமக்குத் துணைநிற்கிறது.

இலத்தீனில் 'பாக்ஸ்' என்பது அமைதி. 'ஃபாக்கெரெ' என்பது செய்தல். வேர்ப்பொருளின்படி 'பேசிஃபை' என்பது அமைதி செய்தலே. 1576-இல் கென்ட் நகரில் நெதர்லாந்து மாகாணங்கள் செய்துகொண்ட உடன்படிக்கை 'பேசிஃபிகேஷன்' என்றே பெயர்பெற்றது. அங்கே அது இருதரப்பு ஒப்பந்தம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பேரரசுகளின் கையில் இச்சொல் திரிந்தது. 1885-இல் மேல்பர்மாவைக் கைப்பற்றிய பின் எழுந்த எதிர்ப்பை ஆங்கிலேயர் ஒடுக்கினர். அதை முன்னின்று நடத்திய சார்லஸ் கிராஸ்த்வெய்ட் 1912-இல் தம் நூலுக்கு இட்ட தலைப்பிலும் இச்சொல்லே இருந்தது. அதே பர்மாவில் காவல் அதிகாரியாய்ப் பணியாற்றிய ஜார்ஜ் ஆர்வெல், கொடுமையை மறைக்கும் அரசியல் சொற்களுள் ஒன்றாக 1946-இல் இதைச் சுட்டிக்காட்டினார்.

திரிபுக்கான வாய்ப்பு இலக்கணத்திலேயே உள்ளது. 'பேசிஃபை' செயப்படுபொருள் குன்றாவினை: ஒருவர் செய்கிறார், மற்றவர் செய்யப்படுகிறார். 'ரெகன்சைல்' என்பதற்கோ 'இன்னாரோடு' என மறுதரப்பு வேண்டும். தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. 'அமைதிப்படுத்து' என்பதில் மக்கள் செயப்படுபொருள். பழைய உரையாசிரியர்கள் ஆண்ட 'சந்து செய்தல்' என்பதில் இருவரும் தரப்பினர். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும், உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று கோவூர் கிழார் பாடிய புறநானூற்று 45-ஆம் பாடல் துணைவஞ்சித் துறையைச் சார்ந்தது. யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்பது அவர் வாதம். எவரையும் அடக்க அவரிடம் படையில்லை. இருந்தது சொல் மட்டுமே.

இனி கோபிநத்தத்திற்கு வருவோம். தமிழ் பேசும் இவ்வூர் அமைந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கியது. வீரப்பன் பிறந்த ஊர் என்பதே இதன் பெயர் பரவக் காரணம். அவரைத் தேடும் பணியில் ஈடுபட்ட இந்திய வனப்பணி அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ், இவ்வூரில் தங்கி மருத்துவ உதவிக்கும் அடிப்படை வசதிகளுக்கும் வழிசெய்தார். மாரியம்மன் கோயில் எழவும் துணைநின்றார். சரணடைவதாக வந்த சொல்லை நம்பி, 1991 நவம்பர் 10 அன்று ஆயுதமின்றிச் சென்றவர் கொல்லப்பட்டார். அவருக்குக் கீர்த்தி சக்ரா வழங்கப்பட்டது. ஊரார் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கின்றனர்.

அதன்பின் நிகழ்ந்தது மற்றப் பொருளிலான 'அமைதி செய்தல்'. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். இரு மாநிலங்களின் அதிரடிப்படைகளும் காட்டோரக் கிராமங்களைத் தம் பிடிக்குள் கொணர்ந்தன. அப்படைகள் மீதான சித்திரவதைப் புகார்களை ஆராய, தேசிய மனித உரிமை ஆணையம் நீதியரசர் சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007-இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் வழங்கப் பரிந்துரைத்தது. 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் கொல்லப்பட்டு இரண்டாண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகே இப்பரிந்துரை வந்தது என்பது கருதத்தக்கது. துப்பாக்கிகள் ஓய்ந்த நாளும், துன்புற்றோர் தரப்பினராக ஏற்கப்பட்ட நாளும் ஒன்றல்ல.

ஸ்ரீநிவாஸின் முயற்சி வஞ்சகத்தால் முறிந்தது. அதனால் அது பேதைமை என்போர் உளர். ஆயினும், ஊர் மக்களை அடக்கப்படவேண்டியோராக அன்றி, உடன் பேசத்தக்கோராக அவர் கண்டார். சந்து செய்வோன் தோற்கலாம்; அத்தோல்வி மற்ற முறையை நியாயப்படுத்திவிடாது.

எனவே, ஆய்வேடு எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'பேசிஃபிகேஷன்' என்பதைச் 'சமாதானம்' எனப் பெயர்க்குமுன், யார் யாரோடு பேசினர் என்று வினவுங்கள். விடையில் ஒரு தரப்பு மட்டுமே இருப்பின், 'அடக்குதல்' என்றே எழுதுங்கள்.