சுருட்டுக்குப் பதம் பார்த்த கைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் சுருட்டு வைக்கும் மர அலமாரி ஒன்றின் படத்தை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "சார், உள்ளே தண்ணீர் வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. எடுத்துவிட்டால் சுருட்டு காய்ந்து வெடிக்கிறது. ஈரம் ஒரே அளவில் நிற்க என்ன செய்வது? ஆவியாதல் பாடம் எடுத்தவர் நீங்கள்தானே!"

புகைக்காதே என்பதுதான் என் முதல் பதில். அதை அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். புகையிலை என்ன செய்யும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் லண்டனுக்கோ கியூபாவுக்கோ போக வேண்டியதில்லை. திண்டுக்கல், திருச்சி, நம் சேலம், நாமக்கல் என்று நம்மைச் சுற்றியே வரலாறு கிடக்கிறது. அறிவியல் வாத்தியாருக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்றவனுக்கு எல்லாப் பாடமும் சொந்தம்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'செரூட்' என்பது நம் 'சுருட்டு'தான். இரண்டு முனையும் திறந்திருக்கும் சுருட்டுக்கு உலகம் முழுக்க அந்தப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'டிரிச்சினாபொலி செரூட்' இங்கிலாந்தில் அறிமுகமே தேவையில்லாத சரக்கு. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்து, இது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். லண்டன் வாசகருக்குத் திருச்சி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அதன் சுருட்டு தெரிந்திருந்தது.

சுருட்டு சுற்றிய இடம் உறையூர். இலையில் பெரும்பகுதி வந்தது திண்டுக்கல் பக்கத்திலிருந்து. பிறகு திண்டுக்கல்லிலேயே பெரிய ஆலை வந்தது. சென்னையின் ஸ்பென்சர் கம்பெனி அங்கே நடத்திய சுருட்டு ஆலையைப் பற்றி, 1906இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரில் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். சர்ச்சில் கதையை நீங்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் நூறு முறை படித்திருப்பீர்கள். அதை இங்கே விட்டுவிடுவோம்.

நமக்கும் இதில் ஒட்டு உறவு உண்டு. 1910 முதல் 1929 வரை நாமக்கல் வட்டம் சேலம் மாவட்டத்தில் இல்லை, திருச்சி மாவட்டத்தில் இருந்தது. திருச்சிச் சுருட்டு புகழோடு இருந்த நாளில் நாமக்கல்காரர்களும் காகிதக் கணக்கில் திருச்சிக்காரர்கள்தான்! சேலம் மாவட்டத்தின் கிழக்கே இருக்கிற செந்தாரப்பட்டியின் பெயரில் சுருட்டுப் புகையிலை ரகமே ஒன்று இருக்கிறது. மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பட்டியலில் அதற்கு 'செந்தாரப்பட்டி ஸ்பெஷல்' என்று பெயர். அந்த நிறுவனத்தின் வேடசந்தூர் நிலையம் 1948 முதல் இயங்குகிறது.

இப்போது பாடத்துக்கு வருவோம். புகையிலை இலை காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்றுக்கே திருப்பியும் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருந்தால் இலை வளையும், ஒடியாது, பூஞ்சையும் பிடிக்காது. அதற்குக் கீழே போனால் மேல் இலை அப்பளம் மாதிரி நொறுங்கும். 75ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை. உள்ளே ஈரமாகவும் வெளியே காய்ந்தும் இருந்தால் உள்ளிலை உப்பி மேலிலையைக் கிழித்துவிடும். ஆக, ஈரம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. எல்லாவற்றையும்விட, அடிக்கடி ஏறி இறங்குவதுதான் பெரிய ஆபத்து.

நம் ஊர்க் காற்றைப் பாருங்கள். பங்குனி மாதப் பிற்பகலில் சேலத்துக் காற்றின் ஈரப்பதம் 40க்கும் கீழே போய்விடும். ஐப்பசி விடியலில் 80க்கு மேல் நிற்கும். ஒரே நாளுக்குள்ளும் காலை ஒன்று, மாலை ஒன்று. ஏன் என்று வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம். காலையில் 20 டிகிரியில் 70 சதவீதம் ஈரத்தோடு இருக்கும் காற்று, ஒரு சொட்டு நீரும் வெளியேறாமலே, மதியம் 30 டிகிரி ஆனதும் 40 சதவீதம் ஆகிவிடும். தண்ணீர் அதேதான், காற்றின் தாகம்தான் கூடிவிட்டது.

அப்படியானால் கருவி எதுவும் இல்லாத காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? நம்மிடம் ஒரு சொல் இருந்தது: பதம். சோற்றுக்குப் பதம், பாகுக்குப் பதம், உழவுக்கு மண் பதம், புகையிலைக்கு இலைப் பதம். ஹைக்ரோமீட்டர் காட்டும் எண்ணை நம்மவர்கள் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். 1783இல் சுவிட்சர்லாந்தின் சொசூர், மனிதத் தலைமுடி ஈரத்தில் நீளும், உலர்ந்தால் சுருங்கும் என்பதை வைத்து ஈரமானி ஒன்றைப் பற்றி எழுதினார். தலைமுடி செய்யும் வேலையை இங்கே விரல் தோல் செய்தது.

உலர்ந்த புகையிலையைப் பகலில் தொட மாட்டார்கள். தொட்டால் தூள். விடியலுக்கு முன், பனி இறங்கி இலை தோல் மாதிரி குழைந்திருக்கும்போதுதான் எடுத்துக் கட்டுவார்கள். பிறகு அடுக்கிப் போர் போடுவார்கள். போருக்குள் தானாகவே சூடு ஏறும். சூடு ஏறியதும் பிரித்து, மேலே இருந்ததைக் கீழேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். ஒரே அளவு ஈரம் என்று மாணவர் கேட்டாரே, அது இதுதான். எல்லா இலைக்கும் ஒரே அனுபவத்தைக் கொடுப்பது. மெல்லும் புகையிலைக்கு வெல்லத் தண்ணீரோ கருப்பட்டித் தண்ணீரோ தெளிப்பதும் உண்டு. சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆடி மாதத்தில் வெல்லம் கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பெட்டிக்கும் இதே கணக்கு. மேல்நாட்டுச் சுருட்டு அலமாரிகளுக்குள் 'ஸ்பானிஷ் சீடர்' என்ற மரத்தை வைத்து இழைப்பார்கள். பெயரில் தேவதாரு இருந்தாலும் அது நம் வேம்பின் குடும்பம். அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நம் மலைகளில் வளரும் சந்தனவேம்பு. அந்த மரத்தில்தான் இந்தியாவில் சுருட்டுப் பெட்டியும் தேயிலைப் பெட்டியும் செய்தார்கள். மரமும் இலையைப் போலவே ஈரத்தை வாங்கிக் கொடுக்கும். அதனால்தான் நிறைந்த பெட்டியில் ஈரம் நிலையாக நிற்கிறது, காலிப் பெட்டியில் ஆட்டம் போடுகிறது. ஈரத்தின் சேமிப்புக் கிடங்கு உள்ளே வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தக் கிடங்கு மரமும் இலையும்தான்.

கேட்ட மாணவருக்கு நேரடியான பதில்: திறந்த தண்ணீர் வைக்காதே. தண்ணீர் 100 சதவீதத்தை நோக்கித்தான் இழுக்கும். உப்புக் கரைசல் அடைத்த பைகள் கடையில் கிடைக்கின்றன. ஈரம் கூடினால் வாங்கும், குறைந்தால் கொடுக்கும். ஜன்னல் வெயில் படும் சுவரை விட்டு அலமாரியைத் தள்ளி வை. ஈரமானி பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பாட்டில் மூடியில் சாதாரண சமையல் உப்பைப் போட்டு, குழைய மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரமானியோடு மூடி ஒரு பகல் முழுக்க வை. முள் 75ஐக் காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுதான் அதன் பொய். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சுருட்டை விட்டுவிட்டு இந்தச் சோதனையை மட்டும் செய்து காட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சூடும் ஈரமும் சேர்ந்தால் சுருட்டைத் துளைக்கும் சின்னப் பழுப்பு வண்டு வரும். அதே வண்டுதான் சேமித்த மஞ்சளையும் துளைக்கிறது. மஞ்சள் வியாபாரம் செய்யும் நம் உறவினர்களுக்கு அதைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது அறிவியல். இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சுருட்டின் வரலாற்றில் கம்பெனிப் பெயர் இருக்கிறது, புகைத்த பிரபலங்களின் பெயர் இருக்கிறது. பதம் பார்த்தவர்கள் பெயர் இல்லை. பெயர் இல்லாதது மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. அந்த வேலைக்குக் கூலியும் தனியாக இல்லை. சுருட்டுக்கும் பீடிக்கும் கூலி எண்ணிக்கைக் கணக்கு. ஆயிரத்துக்கு இவ்வளவு. இலையை நனைத்து, ஈரத்துணி போட்டு மூடி, இரவெல்லாம் ஊற வைத்து, காலையில் தொட்டுப் பார்த்து, அதிகம் ஊறியதை ஆற விட்டு, நடுநரம்பை உரித்து எடுக்கும் நேரமெல்லாம் எந்த ஆயிரத்தில் சேரும்?

இது என் கற்பனையான மனக்குறை இல்லை, சட்டத்திலேயே தடயம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர்கள் வேலை நிபந்தனைச் சட்டத்தின் 29ஆம் பிரிவைப் பாருங்கள். பீடி இலையையோ புகையிலையையோ நனைப்பதையும் வெட்டுவதையும் தொழிலாளர்கள் தொழிற்கூடத்துக்கு வெளியே செய்ய மாநில அரசு அனுமதி தரலாம் என்றது. நனைப்பது ஒரு வேலை என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட வாசகம் அது. அதே வாசகம் அந்த வேலை வீட்டுக்குப் போகும் வழியையும் காட்டியது. வீட்டுக்குப் போனால் யார் செய்வார்கள்? பெண்கள்தான். திருநெல்வேலி, வேலூர்ப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் இரவு ஈரத்துணிக்குள் கிடக்கும் இலைக்கட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சேலத்துக்காரர்கள் இதைக் கேட்டு நகர்ந்துவிட முடியாது. குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைத் தெருக்களில் வளர்ந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். பருத்தி நூல் ஈரமாக இருந்தால் வலு கூடும், காய்ந்தால் அறுந்துகொண்டே இருக்கும். குழித்தறியில் குழி எதற்கு? காலை வைத்து மிதிப்பதற்கு மட்டும் இல்லை, மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைக்கவும்தான். விடியலில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பதும் வெயில் ஏறுமுன் பதமாக உலர்த்தத்தான். இன்று நூற்பாலைகளில் இயந்திரம் காற்றில் ஈரத்தைத் தூவி 55, 60 சதவீதத்தில் நிறுத்துகிறது. அந்த இயந்திரம் ஓடும் மின்சாரத்துக்கு ஆலைக் கணக்கில் செலவு எழுதுகிறார்கள். அதே வேலையைக் கையால் செய்த வீட்டுப் பெண்களுக்கு எந்தக் கணக்கில் எழுதினார்கள்? சேலைக்குத்தான் கூலி. நூல் சுற்றியதும், கஞ்சி காய்ச்சியதும், பாவுக்குப் பதம் பார்த்ததும் 'வீட்டு ஒத்தாசை'.

கியூபா சுருட்டின் அலமாரிக்கு விலை இருக்கிறது. அதற்குள் வைக்கும் ஈரமானிக்கும், உப்புப் பைக்கும் விலை இருக்கிறது. ஈரத்தை நிலையாக வைப்பது விலை கொடுக்க வேண்டிய வேலை என்று உலகத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கை செய்தபோது மட்டும் அது வேலையாகக் கண்ணில் படவில்லை.

புகையிலைத் தொழில் சுருங்குவதில் எனக்கு வருத்தம் இல்லை. சுருங்கட்டும். ஆனால் அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு மாற்று வேலை தேடும்போது, இவர்களுக்குச் சுற்ற மட்டும்தான் தெரியும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. காற்றை, வெப்பத்தை, ஈரத்தை விரலால் அளக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மஞ்சள், ஜவ்வரிசி, பட்டு நூல், விதை நெல் என்று நம் சமவெளியில் விலை போகும் எதுவும் அந்த அறிவு இல்லாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தறி, புகையிலை, மஞ்சள், பீடி வேலை செய்த பெரியம்மா, அத்தை, பாட்டி இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள்: "பதம் வந்திருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே கீழே எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், அந்த நேரத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.