நீரென்னும் திரை: மேற்பரப்புப் புரதங்களின் வடிவறிந்த வரலாறு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. தடைகளின் வரலாறாகவும் அதனை நோக்கலாம். மேற்பரப்பில் ஒட்டிய புரதத்தின் வடிவை ஆராய்ந்தோருக்கு நேர்ந்த பெருந்தடை நீராகும்.

செயற்கைக் குருதிக்குழாயினுள் குருதி பாய்ந்ததும் அதன் புரதங்கள் சுவரிற் படிகின்றன. படிந்த பைபிரினோசன் கொள்ளும் வடிவம், குருதிச் சிறுதட்டுகள் அங்கு பற்றுவதைப் பாதிக்கின்றது. எனவே வடிவறிதல் உயிரோடு தொடர்புடையது. 1958இல் கென்றூ குழுவினர் எக்ஸ் கதிரால் மயோகுளோபின் புரதத்தின் வடிவை வெளிப்படுத்தினர். ஆயின் அம்முறைக்குப் பளிங்கு வேண்டும். சுவரில் ஒட்டிய மென்படையைப் பளிங்காக்குதல் இயலாது.

மாற்றுவழியின் வேர் பழையது. 1800இல் வில்லியம் ஹேர்ஷல், அரியம் பிரித்த சூரிய ஒளியில் செந்நிறத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்துச் செந்நிறக்கீழ்க் கதிரைக் கண்டார். மூலக்கூறுகள் தத்தமக்குரிய மீடிறன்களில் அதிர்ந்து, அவற்றிற்கு இசைந்த கதிரை உறிஞ்சுகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. 1950இல் இங்கிலாந்தில் எலியற், அம்புரோஸ் ஆகியோர், புரதச் சங்கிலி மடிந்திருக்கையில் அதன் காபன் ஒட்சிசன் பிணைப்புச் சென்ரிமீற்றருக்கு 1650 அலைகளை அண்டியும், நீண்டிருக்கையில் 1630ஐ அண்டியும் உறிஞ்சுவதைக் காட்டினர். ஆனால் நீரும் 1640ஐ அண்டியே வலிதாக உறிஞ்சுகின்றது. புரதம் இயங்கும் ஊடகமே அதன் அடையாளத்தை மறைத்தது.

தமிழ்நாட்டிற் பிறந்த இராமனும் கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவிற் கண்ட ஒளிச்சிதறல் இத்தடையைத் தணித்தது. அதில் நீரின் குறுக்கீடு சிறிது. எனினும் மென்படையொன்றின் சிதறல் மிக நலிந்தது. 1974இல் சௌதாம்ரனில் பிளைஷ்மன், ஹென்றா, மக்குவிலன் ஆகியோர் கரடாக்கிய வெள்ளி மின்வாயிற் படிந்த பிரிடீனிலிருந்து வலிய சிதறலைப் பெற்றனர். பரப்பு மிகுந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. உலோகமே சிதறலைப் பன்மடங்கு பெருக்குகின்றது என்பதை 1977இல் இரு குழுக்கள் உணர்த்தின. ஆயின் வெள்ளி, பொன் போன்ற சில உலோகங்களுக்கே இது சிறப்பாகப் பொருந்தியது.

1987இல் கலிபோர்னியாவில் ஷென் குழுவினர் இரு லேசர்க் கதிர்களை மேற்பரப்பிற் சந்திக்கவைத்து, அவற்றின் மீடிறன்களின் கூட்டுத்தொகையுடைய ஒளியைப் பெற்று மூலக்கூறுகளின் அதிர்வை அறிந்தனர். ஒழுங்கின்றிக் கிடக்கும் உள்நீர் அவ்வொளியைத் தராது. எல்லையில் ஒழுங்குற்றவையே தரும். பின்னர் இம்முறை புரதங்களுக்கும் பயன்பட்டது.

இங்கும் ஒரு முரண் உண்டு. நீரை விலக்கும் அதே விதி, ஒழுங்கின்றிப் படிந்த புரதத்தையும் மறைத்துவிடுகின்றது. ஆதலால் ஒரு முறையின் மௌனத்தைப் புரதம் அங்கில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது; பிற முறைகளோடு ஒப்பிட்டே தீர்ப்புக் கூறவேண்டும். சான்றுகளை ஆராயும் வரலாற்று மாணவருக்கும் இது பொருந்தும்.