குடிமராமத்து

‘குடி’ நம் பழஞ்சொல்: குடும்பம், ஊரார், உழவர் எல்லாம் அதில் அடங்கும். ‘மராமத்து’ அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக வந்த சொல். பழுதுபார்த்தல் என்று பொருள். மரத்துக்கும் அதற்கும் உறவில்லை. பொதுப்பணித் துறையை ‘மராமத்து இலாகா’ என்று சொன்ன காலம் உண்டு. அது அரசு செய்யும் மராமத்து. குடிகள் தாமே செய்வது குடிமராமத்து.

கோடையில் ஏரி வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து நிற்பார். வரத்துக்கால் தூர்வாரப்படும், கரை உயரும், மதகடியில் அடைத்த சேறு வெளியேறும். அள்ளிய வண்டல் அவரவர் வயலுக்கே உரம். எவ்வளவு அழகான கணக்கு!

இந்த வழக்கத்தைச் சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் கடமையாக்கியது. மனம் உவந்து செய்ததைச் சட்டம் போட்டு வாங்க நேர்ந்ததே, அதுதான் எனக்கு வருத்தம்.

2017இல் தமிழக அரசு இதே பெயரில் திட்டம் தொடங்கியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்றது. பெயரிலுள்ள ‘குடி’ அந்தப் பத்தில் ஒன்றில்தான் இருந்தது.