வறண்ட நிலத்துச் சுண்ணாம்பு வண்டல் மண்: வட சீனத்து லோயஸ்

சுண்ணாம்பு வண்டல் மண் என்பது மணலைவிட நுண்ணிய, களியைவிடப் பருத்த துகள்கள் மிகுந்து, கால்சியம் கார்பனேட்டும் கலந்திருக்கும் மண் வகை. இங்கே வண்டல் என்பது துகளின் அளவைக் குறிக்கிறது (0.002 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை), ஆற்றுப் படிவை அல்ல. மழை குறைந்த நாடுகளில் இம்மண் பரவலாக உண்டு. தாஷ்கண்ட் சுற்றுவட்டாரம், தஜிகிஸ்தானின் தென்பகுதி, பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலம், இஸ்ரேலின் வட நெகேவ், துனிசியாவின் மத்மாத்தா ஆகிய இடங்களில் இதைக் காணலாம். காஷ்மீரின் கரேவா மேடுகள் மீதும் இதன் படிவு போர்த்தியிருக்கிறது. இவை அனைத்திலும் பெரியது வட சீனத்து லோயஸ் பீடபூமி. சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சென்சி, சன்சி, கான்சு, நிங்சியா முதலிய மாநிலங்களில் விரிந்துள்ள இந்த நிலத்தில் மண்ணின் கனம் பெரும்பாலும் 50 முதல் 200 மீட்டர். லான்சூ நகருக்கு அருகே 300 மீட்டரையும் தாண்டும். இம்மண்ணின் நன்மை தீமை எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர்தான் என்பதை இங்கே தெளிவாகப் பார்க்க முடிவதால், இக்கட்டுரை இந்தப் பீடபூமியையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறது.

தோற்றம்

லோயஸ் எனப்படும் இம்மண் காற்று கொண்டுவந்து சேர்த்தது. இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இந்த முடிவு எளிதில் கிடைத்ததல்ல. 1860-களில் சீனாவில் ஆய்வு செய்த அமெரிக்கப் புவியியலாளர் ரஃபேல் பம்பெல்லி இதை ஏரிப் படிவு என்று எழுதினார். 1868 முதல் 1872 வரை சீனாவைச் சுற்றிய ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் வான் ரிச்தோஃபன் அதை மறுத்தார். நீரில் படிந்த மண்ணில் தெரியும் அடுக்குக் கோடுகள் இதில் இல்லை. கிடைக்கும் ஓடுகள் நிலத்து நத்தைகளுடையவை. பள்ளத்தையும் மலைச் சரிவையும் ஒன்றுபோல் மூடியிருக்கும் இப்படிவை எந்த ஏரியும் விட்டுச் சென்றிருக்க முடியாது என்பவை அவருடைய வாதங்கள். பம்பெல்லியும் பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

கோபி முதலிய வடமேற்குப் பாலைகளிலிருந்தும் மலையடிவாரங்களிலிருந்தும் குளிர்காலப் பருவக்காற்று தூசியை வாரிக்கொண்டு வந்தது. பருமணல் பாலையின் ஓரத்திலேயே தங்கியது. மிக நுண்ணிய களி கடல் தாண்டிப் போனது. நடுத்தரத் துகள் இங்கே இறங்கியது. அதனால் பீடபூமியின் வடமேற்கில் மண் சற்று மணற்பாங்காகவும் தென்கிழக்கில் களிப்பாங்காகவும் இருக்கிறது. கையில் எடுத்துத் தேய்த்தால் கோதுமை மாவைத் தொட்டது போலிருக்கும். களிமண்ணைப் போல் ஒட்டாது.

பனியுகங்களில் தூசி மிகுதியாக விழுந்தது. இடையிடையே வெப்பமும் மழையும் கூடிய காலங்களில் தூசி குறைந்து, விழுந்த படிவின் மேல் புல்லும் மரமும் வளர்ந்து செம்பழுப்பு மண் உருவானது. இந்த இரண்டும் மாறிமாறி அடுக்கியிருப்பதால் பீடபூமியின் ஒரு செங்குத்து வெட்டு, ஆசியப் பருவநிலையின் பதிவேடாகிறது. சீன அறிஞர் லியு துங்ஷெங்கும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரீட்ரிக் ஹெல்லரும் லோச்சுவான் என்ற இடத்தின் படிவைக் காந்தப் பதிவுகளைக் கொண்டு காலக்கணிப்பு செய்து 1982-இல் வெளியிட்டார்கள். படிவின் தொடக்கம் சுமார் 24 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது என்று அது காட்டியது. காந்தக் காலவரிசையே பின்னர் திருத்தப்பட்டதால் இன்று 26 லட்சம் என்கிறார்கள்.

சுண்ணாம்பு

பீடபூமி மண்ணில் சுண்ணாம்பின் அளவு பொதுவாக எடையில் 10 முதல் 15 சதவீதம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் மண் நுரைக்கும். களத்தில் இதைவிட எளிய சோதனை வேறு இல்லை. சுண்ணாம்பின் ஒரு பகுதி தூசியோடு வந்தது. மற்றது இங்கேயே கரைந்து மீண்டும் படிந்தது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கலந்து சுண்ணாம்பைக் கரைக்கிறது. அந்த நீர் கீழே இறங்குகிறது. பயிர் உறிஞ்சியோ ஆவியாகியோ அது தீரும் ஆழத்தில் சுண்ணாம்பு மறுபடி படிகிறது. ஆகவே சுண்ணாம்பு அடுக்கு எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தால், அவ்விடத்தில் மழை எவ்வளவு ஆழம் நனைக்கிறது என்று தெரிந்துவிடும். அமெரிக்கச் சமவெளியின் லோயஸ் மண்ணில் மேற்கிலிருந்து கிழக்கே மழை கூடக்கூட இந்த அடுக்கு கீழே இறங்குவதை ஹான்ஸ் ஜென்னியும் லியோனார்டும் 1934-இல் அளந்து காட்டினார்கள். மழை நிறைந்த நாட்டில் சுண்ணாம்பு முழுதும் கழுவிப் போய்விடும். வறண்ட நாட்டில்தான் அது தங்குகிறது.

வேர் போன தடங்களில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு மெல்லிய குழாய்கள் உண்டாகின்றன. பழைய செம்பழுப்பு மண் அடுக்குகளின் அடியில் அது திரண்டு சுக்கான் கற்களாகிறது. இஞ்சிக் கிழங்கின் வடிவில் இருப்பதால் சீனர்கள் இவற்றை இஞ்சிக்கல் என்கிறார்கள்.

மண்ணும் நீரும்

துகள் அமைப்பு தளர்வானது. மண்ணின் கன அளவில் ஏறத்தாழ பாதி வெற்றிடம். இடைவெளிகள் நுண்ணியவை என்பதால் நீர் உடனே வடிந்து போகாது. களிமண்ணில் போல் துகளோடு இறுகிப்போய் வேருக்குக் கிடைக்காமலும் போகாது. ஒரு மீட்டர் ஆழ மண்ணில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் ஏறக்குறைய 150 முதல் 200 மில்லிமீட்டர் தங்கும். பீடபூமியில் ஆண்டு மழை வடமேற்கில் 200, தென்கிழக்கில் 600 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி கோடை மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. குளிர்காலக் கோதுமை விதைப்பதோ இலையுதிர் காலத்தில். கோடையில் நிலத்தைத் தரிசாக விட்டு, மழையை இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்கு மண்ணில் சேமித்து, அந்த ஈரத்தைக் கொண்டே வறண்ட வசந்தத்தில் கோதுமையைக் கதிர்விடச் செய்வது இங்குள்ள பழைய முறை. மெலிந்த மண்ணாக இருந்தால் இது நடக்காது.

ஆனால் மேற்பரப்பு அவ்வளவு நம்பகமானதல்ல. களியும் மட்கும் குறைவாக இருப்பதால் மண்கட்டிகளைச் சேர்த்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. பெருமழைத் துளி விழுந்ததும் கட்டி உடைந்து, வண்டல் துகள்கள் இடைவெளிகளை அடைத்து, காய்ந்தபின் மெல்லிய பொருக்கு கட்டிவிடும். விதை முளைத்து வெளிவரத் திணறும். அடுத்த மழையில் நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடும். அந்த ஓட்டம் சரிவை அறுத்து ஓடைகளாக்கும். மஞ்சள் ஆற்றின் நிறமும் பெயரும் இங்கிருந்து வந்தவை. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அந்த ஆறு ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன் மண்ணைச் சுமந்தது. 1960-இல் அந்த ஆற்றின் சன்மென்சியா அணையில் நீர் தேக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நீர்த்தேக்கம் மண்ணால் தூர்ந்து, கிளை ஆறான வெய்யின் படுகையும் உயர்ந்தது. அணையில் மண் வெளியேறப் புதிய வழிகளைத் திறக்க வேண்டியதாயிற்று. இம்மண்ணின் குணத்தை உரிய அளவு கணக்கில் எடுக்காத திட்டத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் குறைவு.

காய்ந்த லோயஸ் செங்குத்தாக நிற்கும். துகள்கள் தொடும் இடங்களில் சிறிது களியும் சுண்ணாம்பும் பிணைப்பாகின்றன. சொற்ப ஈரத்தின் இழுவிசையும் உதவுகிறது. இந்த உறுதியை நம்பித்தான் மக்கள் சரிவுகளைக் குடைந்து யாவ்தொங் என்னும் குகை வீடுகளை அமைத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் கதகதப்பும் கோடையில் குளிர்ச்சியும் தரும் இவற்றில் அண்மைக் காலம் வரை கோடிக்கணக்கானோர் வாழ்ந்தனர். நில அதிர்வில் இதே மண் கொல்லும். 1556 ஜனவரியில் சென்சி மாநிலத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 8,30,000 பேர் இறந்ததாகச் சீன வரலாற்றுப் பதிவுகள் சொல்கின்றன. அவர்களில் பலர் குகை வீடுகளில் புதைந்தவர்கள். 1920 டிசம்பரில் ஹையுவான் நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகளே பெயர்ந்து ஓடி ஊர்களை மூடின. இறந்தோர் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

நிலநடுக்கமே தேவையில்லை, நீர் மட்டும் போதும் என்பதுதான் பொறியாளர்களின் கவலை. மண் நனைந்ததும் ஈரத்தின் இழுவிசை போய்விடும், பிணைப்புகள் தளரும், தளர்வான அமைப்பு தன் எடையாலேயே அமுங்கும். கால்வாய் கசிந்தாலும் வீட்டுக் கழிவுநீர் இறங்கினாலும் அடித்தளம் திடீரென்று தாழும். கான்சுவில் மஞ்சள் ஆற்றங்கரை மேட்டில் உள்ள ஹெய்ஃபாங்தாய் இதற்குப் பாடநூல் உதாரணம். நீர்த்தேக்கங்களால் இடம் பெயர்ந்தவர்களை 1960-களில் அங்கே குடியேற்றி, ஆற்று நீரை மேலேற்றிப் பாசனம் செய்தார்கள். நிலத்தடி நீர் உயர்ந்தது. மேட்டின் ஓரங்கள் அன்றிலிருந்து அடிக்கடி சரிந்துகொண்டே இருக்கின்றன.

பயிர்ச்சத்து

சுண்ணாம்பு இருக்கும் வரை மண்ணின் கார அமில நிலை 8-ஐ ஒட்டியே நிற்கும், பெரும்பாலும் 7.5-க்கும் 8.5-க்கும் இடையில். சோடியம் உவர் சேர்ந்தால்தான் அதற்கு மேல் போகும். சாம்பல் சத்துக்குப் பொதுவாகக் குறையில்லை. தூசியோடு வந்த மைக்காவும் ஃபெல்ட்ஸ்பாரும் அதைத் தருகின்றன. மணிச்சத்து நிலைமை வேறு. சூப்பர் பாஸ்பேட் போட்டாலும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாக இறுகிவிடும். ஆகவே இம்மண்ணில் அமிலக் கரைசலால் மணிச்சத்தை அளந்தால் விடை தவறாகும். 1954-இல் ஓல்சன் குழுவினர் முன்வைத்த சோடியம் பைகார்பனேட் கரைசல் முறையே பொருந்தும். யூரியாவை மேலே தூவிவிட்டால் தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மண்ணுக்குள் இடுவது நல்லது.

இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடம் வெளுக்கும். துருக்கியின் மத்திய அனத்தோலியாவில் கோதுமை விளைச்சலைக் குறைத்து வந்தது துத்தநாகக் குறையே என்று 1990-களில் தெரியவந்தது. தமிழ்நாட்டில் சுண்ணாம்பு கலந்த கரிசலில் நிலக்கடலையும் கரும்பும் வெளுப்பதும் அதே வேதியியல்தான். மண் வண்டலல்ல, களி என்பதே வேறுபாடு. அன்னபேதிக் கரைசலை இலைமேல் தெளிப்பது இரு இடத்துக்கும் பொருந்தும் வழி.

கந்தகம் இட்டுச் சுண்ணாம்பையே போக்கிவிடலாம் என்ற யோசனை அவ்வப்போது எழும். ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 2,000 டன். அதில் 12 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 240 டன். அதைச் சரிக்கட்ட ஏறத்தாழ 77 டன் கந்தகம் வேண்டும். எந்த உழவரும் செய்யக்கூடிய காரியமல்ல. சுண்ணாம்போடு ஒத்துப்போகும் பயிரைத் தேர்வதும் தொழு உரம் சேர்ப்பதும்தான் மிச்சம்.

காப்பும் பயன்பாடும்

சரிவுகளைப் படிப்படியாக வெட்டி வயலாக்குவதும், ஓடைகளில் தடுப்பணை கட்டி வரும் மண்ணையே தேக்கிப் புது வயல் உண்டாக்குவதும் பீடபூமியின் பழகிய உத்திகள். உலக வங்கி உதவியோடு 1994-இல் தொடங்கிய நீர்ப்பிடிப்பு மறுசீரமைப்புத் திட்டமும், 1999-இல் சீன அரசு தொடங்கிய, செங்குத்தான வயல்களைக் காடும் புல்லுமாக மாற்றும் திட்டமும் இவற்றோடு சேர்ந்தன. 1999-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த தாவரப் போர்வை 2013-க்குள் ஏறத்தாழ 60 சதவீதமானது. மஞ்சள் ஆறு சுமக்கும் மண் முந்தைய அளவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. இதற்கு விலையும் உண்டு. ராபினியா போன்ற ஆழவேர் மரங்கள் மழை நிரப்புவதைவிட வேகமாக அடிமண் ஈரத்தை உறிஞ்சிவிட, பல மீட்டர் ஆழத்தில் நிரந்தர வறண்ட அடுக்கு உருவாகிறது. இனியும் மரம் நடுவது நீர்வள எல்லையை நெருங்கிவிட்டது என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

லான்சூவைச் சுற்றியுள்ள மிக வறண்ட பகுதியில் உழவர்கள் வேறொரு வழி கண்டார்கள். வயல் மேல் பருமணலும் கூழாங்கல்லும் ஒரு சாணுக்கும் குறைவான கனத்தில் பரப்பி, அதன் கீழுள்ள மண்ணில் முலாம்பழமும் தர்ப்பூசணியும் விதைக்கிறார்கள். கல் மூடாக்கு மழைத்துளியின் அடியைத் தாங்குவதால் பொருக்கு கட்டுவதில்லை, ஆவியாதலும் குறைகிறது, பகலில் சூடேறும் கல் இரவுக் குளிரைத் தணிக்கிறது. சில பத்தாண்டுகளில் கல்லும் மண்ணும் கலந்து மூடாக்கு பயனிழக்கும். அப்போது கல்லைப் பிரித்தெடுத்துப் புதிதாகப் பரப்ப வேண்டும். உழைப்பு மிகுந்த அந்த வேலைக்கு ஆள் கிடைக்காத இடங்களில் இப்போது மக்காச்சோளத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பிளாஸ்டிக் தாள் மூடாக்குப் பரவிவிட்டது. அறுவடைக்குப் பின் கிழிந்த தாள் துண்டுகள் ஆண்டுதோறும் உழுமண்ணில் சேர்ந்து வருகின்றன.