இங்கே வா: துரைமார் படித்த தமிழ்

பூனாகலையில் பிறந்து வளர்ந்த பெண்ணொருத்தி இப்போது பிரான்சில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தகப்பனார் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர். பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தை வரையிலான மலைகளில் செய்திக்காக நான் அலைந்த காலத்தில், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட இரவுகளில் எல்லாம் எனக்குப் பாயும் தலையணையும் கிடைத்தது அவர் வீட்டில்தான். அந்த உரிமையில் அவள் என்னை மாமா என்று அழைப்பாள்.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது அவள் சொன்ன ஒரு சிறு சம்பவமே இதை எழுதத் தூண்டியது. போய்ச் சேர்ந்த முதல் வாரம் பாண் வாங்கச் சென்றிருக்கிறாள். கடையில் நின்ற வயதான அம்மாளைப் பார்த்து, 'வூ' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'து' என்று சொல்லிவிட்டாள். அதாவது 'நீங்கள்' என்பதற்குப் பதில் 'நீ'. அந்த அம்மாள் கோபிக்கவில்லை. பதில் சொல்லும்போது 'வூ' என்ற சொல்லை மட்டும் சற்று அழுத்திச் சொன்னாராம். மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னதும், ஆசிரியை பாடத்தை மூடி வைத்துவிட்டு ஒரு மணிநேரம் அதையே விளக்கியிருக்கிறார்.

"நமக்குத் தெரியாத விசயமா மாமா? தமிழ்லயும் இருக்கே, நாந்தான் பயத்துல தடுமாறிட்டேன்" என்றவள், சற்று நிறுத்தி, "நம்ம தோட்டத்துக்கு வந்த வெள்ளத் தொரைமாரும் இப்படித்தானே ஊருக்கு வந்து பேசிப் பேசியே தமிழ் படிச்சாங்க? அவங்களுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

ஐம்பது வருடங்களாகத் தோட்டங்களைப் பற்றி எழுதி வருகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒரு மொழியை அதன் மண்ணுக்கே போய், அதற்குள் மூழ்கிப் படிக்கும் முறை இன்று பெரியதொரு கல்வித்துறை. பிரான்சின் பெசான்சோன் நகரில் 1958 இலும், விஷியில் 1964 இலும் தொடங்கிய மொழி நிலையங்கள் உலகெங்குமிருந்து மாணவர்களை ஈர்ப்பவை. கனடாவிலுள்ள நம்மவர்களுக்கு 'பிரெஞ்ச் இமெர்ஷன்' என்றால் விளக்கம் தேவையில்லை. 1965 இல் மொன்றியல் அருகே சென் லாம்பேர் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் வற்புறுத்தித் தொடங்கிய பாலர் வகுப்பே அதற்கு வித்து. இன்னும் பின்னால் போனால், 1878 இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பேர்லிட்ஸ் தொடங்கிய பள்ளி. ஆங்கிலம் தெரியாத பிரெஞ்சுக்காரர் ஒருவரை அவர் வேலைக்கு வைத்துவிட்டு நோயில் விழுந்தாராம். எழுந்து வந்து பார்த்தால் மாணவர்கள் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்தக் கம்பனி இன்றும் சொல்லும் கதை இது.

பேர்லிட்சுக்கு முன்பே, எந்தப் பெயர்ப்பலகையும் இல்லாமல், இலங்கை மலைநாட்டில் இப்படியொரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. அதில் படித்த மொழி தமிழ்.

1830களில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. 1869 இல் கோப்பி இலைகளில் நோய் தோன்றி, அடுத்த இருபது வருடங்களுக்குள் அந்தப் பயிரையே அழித்தது; அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறினாலும் உழைப்பவர்கள் மாறவில்லை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த தமிழர்களே இரண்டையும் வளர்த்தார்கள். ஊவா மலைகள் அன்று உலகின் விளிம்பு. பதுளைக்கு ரயில் வந்ததே 1924 இல்தான்.

இங்கிலாந்திலிருந்தோ ஸ்கொட்லாந்திலிருந்தோ வந்த இருபது வயது இளைஞன், தொழில் பழகுவதற்காகப் பணம் கட்டி ஒரு பெரியதுரையிடம் சேர்வான். 'கிரீப்பர்' என்று பெயர். பழகி முடிந்ததும் சின்னதுரையாகி, ஒரு மலையுச்சிப் பங்களாவில் தனியே குடியேறுவான். இன்னொரு வெள்ளையனைக் காண மைல்கணக்கில் குதிரையில் போகவேண்டும். சமையற்கார அப்பு பேசுவது தமிழ், கணக்கப்பிள்ளை பேசுவது தமிழ், விடியற்காலைப் பெரட்டில் பனியில் கம்பளி போர்த்து நிற்கும் இருநூறு முந்நூறு பேரும் பேசுவது தமிழ். தாய்மொழியில் பேசமாட்டேன் என்று மாணவர்களிடம் கையெழுத்து வாங்கும் அமெரிக்கப் பள்ளிகள் உண்டு. இவனுக்குக் கையெழுத்தே தேவைப்படவில்லை. பேச ஆளே இல்லை.

ஒரு மொழியைப் படிக்க இதைவிட வாய்ப்பான இடம் வேறெங்கே கிடைக்கும்? அப்படியிருந்தும் அவன் படித்த தமிழ் எது?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் சின்னதுரைமாருக்கென்று ஒரு சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டியை வெளியிட்டார்கள். அதன் தலைப்பே 'இங்கே வா'. 1915 இல் வெல்ஸ் என்பவர் எழுதிய கையேடு வந்தது. அதன் பெயர் 'கூலித் தமிழ்'. தோட்டத்துரைமாருக்கும் அத்தொழில் பழகுவோருக்கும் என்றே அமைக்கப்பட்டது அது. ஆக, தமிழ் மக்களில் ஒரு பகுதியினர் பேசியது தமிழ் அல்ல, கூலித் தமிழ் என்று அட்டையிலேயே அச்சேறிவிட்டது. 'வாருங்கள்' என்று தலைப்பிட வேண்டும் என எந்தப் பதிப்பாளருக்கும் தோன்றவில்லை.

நியாயமாகப் பேசவேண்டுமானால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இதில் ஆணவம் பாதி என்றால் சோம்பல் பாதி. தமிழில் வினைச்சொல்லின் வேரும் ஒருமை ஏவலும் ஒரே வடிவம். நட, வா, செய், வெட்டு. நன்னூலார் வினைப்பகுதிகளைச் சொன்ன இடத்தில் ஏவலின் வாய்பாடாகவே சொல்லியிருக்கிறார். காலம், இடம், மரியாதை எல்லாம் அந்த வேரின் மேல் ஒட்டவேண்டியவை. தமிழ் வினையின் வாசற்படியோடு நின்றுவிடுகிறவன் கையில் கட்டளை மட்டுமே இருக்கும். பிரெஞ்சு படிக்க வருகிறவனுக்கு அந்த வசதி இல்லை. அங்கே ஏவலுக்கும் விகுதி தெரியவேண்டும்.

மேலும், ஆங்கிலத்தில் 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் ஒரே சொல். அந்த வேறுபாட்டை அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இங்கேதான் பூனாகலைப் பெண்ணின் கேள்வி வந்து நிற்கிறது. பாண்கடை அம்மாள் அவளைத் திருத்தினார். அவருக்கு அந்த உரிமை இருந்தது. பெரட்டுக்களத்தில் துரையைத் திருத்த யாருக்கு உரிமை இருந்தது? "தொரை, பெரியவங்கள வாங்கன்னு சொல்லணும்" என்று ஒரு கிழவர் சொல்லியிருந்தால் அன்று அவருக்குப் பேர் விழுந்திருக்குமா? (ஒருநாள் சம்பளத்துக்குத் தோட்டத்தில் 'பேர்' என்பார்கள். வேலை குறைந்தால் அரைப்பேர்.) கற்பிப்பவனின் சோறு மாணவன் கையில் இருந்த பள்ளிக்கூடம் அது.

நன்றாகத் தமிழ் படித்த வெள்ளையர் இல்லையா என்றால், இருந்தார்கள். 1904 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்த லெனாட் வுல்ஃப், சிவில் சேவையின் தமிழ்ப் பரீட்சையைத் தாண்டவேண்டியிருந்தது. அவர் முன்னால் மனுவோடு நின்றவர்களின் கதையை அவர் கேட்டாகவேண்டும். கேட்பதற்குப் படிக்கும் மொழி வேறு, ஏவுவதற்குப் படிக்கும் மொழி வேறு.

எதிர்த்திசையில் மொழி நகரவே இல்லையா? நகர்ந்தது. பெரட்டு என்பது ஆங்கிலத்தில் படைவீரர் அணிவகுப்புக்கான சொல். லயன், செக்ரோல், ஸ்டோர் எல்லாம் அங்கிருந்து வந்தவையே. வரிசையில் நிற்கவும், வரிசை வீட்டில் உறங்கவும், எண்ணிக்கையில் அடங்கவும் வேண்டிய சொற்கள் மட்டும் லயத்துக்கு இறங்கி வந்தன. பங்களா அப்புவின் மகனாகப் பிறந்த முதியவர் ஒருவர் பூனாகலையில் என்னிடம் சொன்னார்: "தொரை நாய்கிட்ட இங்கிலீசு பேசுவாரு, எங்கப்பாகிட்ட தமிழு பேசுவாரு. நாய்க்கு இங்கிலீசு தெரிஞ்சிச்சு." அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

விதிவிலக்குகள் உண்டு. மடக்கும்புரைத் தோட்டத்தில் வளர்ந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலேயே கவிதை எழுதினார். ஆனால் அவர் பெரியகங்காணியின் வீட்டுப் பிள்ளை. லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது தோட்டப் பாடசாலையின் ஐந்தாம் வகுப்பு வரைதான், அதுவும் கிடைத்தவர்களுக்கு.

பத்திரிகைக்காரர்களான நமக்கு இதில் பெருமைப்பட ஒருவர் இருக்கிறார். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடவை விற்பவராக வேடமிட்டுப் போய் மக்களின் நிலையைக் கண்டு எழுதியவர். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கண்டவர். அவர் வழியில் வந்தவன் என்று மேடையில் நானும் பேசியிருக்கிறேன். அதனால் இதையும் சொல்லவேண்டும்.

நான் நிருபராகச் சேர்ந்த புதிதில், பூனாகலைப் பக்கம் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றிச் செய்தி அனுப்பினேன். முதல் பக்கத்தில் வந்தது. தொழிலாளர் பக்கமே நின்று எழுதியிருந்தேன். பெருமையோடு பத்திரிகையை ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துச்சென்றேன். அவர் மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து முழுதும் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, மாணவன் கொப்பியில் போடுவதுபோல இரண்டு இடங்களில் வட்டம் போட்டுத் தந்தார். 'துரை கூறினார்.' 'தொழிலாளி கூறினான்.'

அந்தத் தொழிலாளிக்கு அறுபது வயது. எனக்கு இருபத்துமூன்று. பத்திரிகையின் வழக்கம் அது என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். வழக்கந்தான், அலுவலகத்தில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. ஆனால் அந்த 'ன்' ஐ எழுதியது என் கை. எந்த வெள்ளைக்காரனும் எனக்குக் கையேடு தந்திருக்கவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நான், அதே பெரட்டுக்களத்துத் தமிழை அச்சில் எழுதியிருந்தேன். மறுவாரத்திலிருந்து 'ர்' போட்டு அனுப்பினேன். சிலவேளை அது அப்படியே வந்தது. சிலவேளை யாரோ 'ன்' ஆக்கியிருந்தார்கள்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளையர் போனார்கள். 'துரை' என்ற சொல் போகவில்லை. புதிதாக வந்த சிங்களத் துரைமாரும் அதே விடியற்காலையில், அதே இடத்தில் நின்று தமிழ் பழகினார்கள்.

பூனாகலைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கிருந்து வெளியேறுமாறு 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். போ என்ற வினை இருந்தது. எங்கே என்ற கேள்விக்குக் காணியும் வீடும் இருக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மண் சரிந்தபோது உயிர்கள் தப்பின. வீடிழந்தவர்களைப் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஆசிரியர் இப்போது இல்லை. அவர் வட்டமிட்ட அந்தப் பத்திரிகை என்னிடம் இருக்கிறது. அதைப் படம்பிடித்து மகளுக்கு அனுப்பி, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான் என்று எழுதினேன். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை மகள், எனக்கு உன் அப்பா சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து அழுதாளாம். கீழே ஒரு வரி: பாண்கடை அம்மாள் தன்னை 'து' என்றே அழைக்கச் சொல்லிவிட்டாராம், ஆனால் தனக்குத்தான் வாய் வரவில்லையாம்.